சீனர் அடுப்பில் எருதும் மிளகாயும்

"சீனர் எதையும் தின்பர், அவர்க்கு விலக்கு என்பதே இல்லை" என்பது நம்மவரிடையே நெடுநாளாய் வழங்கிவரும் பேச்சு. இப்பேச்சில் பாதி இகழ்ச்சி, பாதி அறியாமை. அண்டை வீட்டுச் சீன அன்பரை ஒருமுறையேனும் விருந்துக்கு அழைத்தவர்க்கு, அவருள் பலர் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை என்பது தெரிந்திருக்கும். கருணைத் தெய்வமாகிய குவான் யின் அம்மையை வழிபடும் குடும்பங்கள் பலவற்றில் இவ்விலக்கு இன்றும் கண்டிப்பாய்க் காக்கப்பட்டு வருகிறது.

அவ்வாறிருக்க, அதே சீன நாட்டின் தென்மேற்குப் பகுதியிலுள்ள செச்சுவான் மாகாணத்தில், மாட்டிறைச்சியை மெல்லிய கீற்றுகளாய் அரிந்து, காய்ந்த மிளகாயும் அவரை விழுதும் சேர்த்து, ஈரம் வற்றும்வரை வறுத்தெடுக்கும் உண்டி ஒன்று புகழ்பெற்று விளங்குகிறது. "கான் பியன் நியூ ரௌ" என்பது அதன் பெயர். உலர வறுத்த மாட்டிறைச்சி என்று அதனைத் தமிழிற் கூறலாம். மாட்டை விலக்கிய நாட்டில் மாட்டிறைச்சி எங்ஙனம் ஏழையின் வீட்டிற் புகுந்தது? கடல் கடந்து வந்த மிளகாய், கடலே காணாத அம்மலைநாட்டில் எங்ஙனம் குடியேறிற்று? இவ்விரு வினாக்கட்கும் விடை தேடுவதே நமது நோக்கம். விடையைக் கண்டபின், அவ்வுண்டியை வீட்டில் ஆக்கும் முறையையும் சொல்லுவோம்.

முதற்கண் விலக்கை எடுத்துக்கொள்வோம். சீனத்தில் எருது உழவனின் வலக்கை. ஏர் இழுக்க எருது இல்லையேல் நெல் இல்லை. நெல் இல்லையேல் வரி இல்லை. வரி இல்லையேல் அரசு இல்லை. ஆதலின் எருதைக் காப்பது அறத்தின் பொருட்டு மட்டுமன்றி, அரசின் களஞ்சியத்தின் பொருட்டும் வேண்டியதாயிற்று. எருதின் நரம்பும் கொம்பும் வில் செய்யவும், தோல் கவசம் செய்யவும் படைக்குத் தேவைப்பட்டன. கி. பி. 653-ம் ஆண்டில் தாங் மரபினர் வெளியிட்ட சட்டத் தொகுப்பு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. அரசின் மாட்டையோ பிறர் மாட்டையோ வேண்டுமென்றே கொன்றவனுக்கு ஒன்றரை ஆண்டுக் கட்டாய உழைப்புத் தண்டனை; தன் மாட்டைத் தானே கொன்றவனுக்கும் ஓராண்டுத் தண்டனை. பின்வந்த மிங், சிங் மரபினர் சட்டங்களிலோ, தன் மாட்டைத் தானே அறுத்தவனுக்கு 100 அடி என்று விதிக்கப்பட்டது. மாடு நோயால் இறந்தாலும், அதிகாரிக்கு அறிவியாமல் தோலை உரித்தால் 40 அடி. தன் பணம் கொடுத்து வாங்கிய மாடு தன் தொழுவத்திலே செத்தாலும், உழவனுக்கு அதன்மேல் முழு உரிமை இல்லை!

சட்டம் முன்னே சென்றது. சமயம் பின்னே வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரையிலான காலத்தில், மாட்டிறைச்சி உண்பது பாவம் என்னும் கருத்து சீன மக்களிடையே வேரூன்றியது. நமக்காக உழுது களைத்த உயிரைக் கொன்று தின்பது நன்றிகெட்ட செயல் என்று அறநூல்கள் முழங்கின. தின்பவன் நரகிற் படும் துன்பங்களைக் கதைகள் விரித்துரைத்தன. மாட்டிறைச்சியை விலக்கிய வீட்டைக் கொள்ளைநோய் அணுகாது என்றும் சொல்லப்பட்டது. பௌத்தம் எல்லா உயிர்க்கொலையையும் கடிந்தது மெய்யே. எனினும், பன்றியையும் கோழியையும் தாராளமாய் உண்டு மாட்டை மட்டும் தள்ளிய இந்த வழக்கம் புத்தர் சொன்னதன்று. அது சீன மண்ணிலேயே, ஏர்க்காலின் அடியிலே முளைத்தது.

இங்கு ஒரு வேடிக்கையை நோக்குக. மக்களுக்கு மாட்டை விலக்கிய அதே அரசு, வானத்தை வழிபடும் பெருவேள்வியில் எருதையே பலியிட்டது. ஞானி கன்பூசியஸின் கோயிலில் நடைபெற்ற உயர்ந்த வழிபாட்டிலும் எருது, ஆடு, பன்றி மூன்றும் படைக்கப்பட்டன. வானத்துக்கு ஆகும், பேரறிஞனின் ஆவிக்கு ஆகும், உழுதவனுக்கு மட்டும் ஆகாது! ஆகவே, எருது இழிந்த உணவாதலின் விலக்கப்பட்டது என்பார் கூற்று பொருந்தாது. மிக உயர்ந்த படையலாதலின் அது மேலிருப்போர்க்கென ஒதுக்கப்பட்டது. மிகத் தேவையான கருவியாதலின் கீழிருப்போர்க்கு மறுக்கப்பட்டது.

மறுக்கப்பட்டதை மக்கள் முற்றும் விட்டுவிடவுமில்லை. 'நீர்க்கரை' என்னும் பெயர்பெற்ற சீனப் பழங்கதையில் வரும் கலகவீரர்கள், சத்திரத்தில் நுழைந்ததும் கள்ளும் மாட்டிறைச்சியும் கேட்கிறார்கள். சட்டத்துக்கு அடங்காதவர்கள் இவர்கள் என்பதைப் படிப்போர்க்கு உணர்த்த அவ்வுணவே போதுமானதாயிருந்தது. சீன முஸ்லிம்களாகிய ஹுய் மக்களோ பன்றியை விலக்கி மாட்டையும் ஆட்டையும் உண்பவர். மாட்டிறைச்சி வாணிகம் பல ஊர்களில் அவர்கள் கையில் இருந்தது. விலக்கு எவ்வளவு வலிதாயினும், அதன் அருகிலேயே விலக்காதவர் தெருவும் இருந்தது.

இனி மிளகாயைப் பார்ப்போம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் செடி. கொலம்பஸ் 1492-ம் ஆண்டில் அங்குச் சென்று சேரும்வரை ஆசியாவில் எவரும் அதனைக் கண்டதில்லை. போர்த்துக்கேசியர் கப்பல்களின் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் அது இந்தியக் கரையை அடைந்தது. அந்நூற்றாண்டிலேயே சீனக் கரையையும் சேர்ந்தது. தமிழர், தாம் முன்னரே அறிந்த மிளகின் உறைப்பைக் கொண்டு இப்புதுக் காய்க்கு மிளகாய் என்று பெயரிட்டனர். சீனரும் அவ்வாறே செய்தனர். காரமுள்ள பொருளைக் குறிக்கும் தம் பழைய சொல்லாகிய 'ஜியாவ்' என்பதனோடு அடைமொழி சேர்த்து, 'அயல்நாட்டு மிளகு' என்றும் 'கடல் மிளகு' என்றும் அழைத்தனர். அவர்கட்கு நம் கருமிளகும் அயல்நாட்டுப் பொருளே. தென்னிந்திய மிளகு சீனச் சந்தையில் நெடுங்காலம் விலைபோன சரக்கு. சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருப்பது, நம் வணிகர் அங்கே குடியிருந்து கோயில் எழுப்பிய செய்தியைக் கூறும். மிளகைக் கொடுத்தவரும் கொண்டவரும் ஆகிய இரு மக்களும், பின்னொரு நாள் அமெரிக்கச் செடியின் முன் ஒரேவகையில் வியந்து நின்று, ஒரேவகையில் பெயரிட்டிருக்கின்றனர்.

சீனத்தில் மிளகாயைப் பற்றிய முதற் குறிப்பு 1591-ம் ஆண்டில், ஹாங்சௌ நகரத்தவரான காவ் லியன் என்பார் எழுதிய நூலிற் காணப்படுகிறது. வெண்மையான பூவும் சிவந்த காயும் உடைய அழகிய செடியென்று அவர் அதனைப் பாராட்டினார். அவர் காலத்துச் செல்வர்க்கு மிளகாய் தோட்டத்து அழகுப் பொருள். அதனை அடுப்புக்குக் கொண்டுவந்தவர் செல்வரல்லர். அவர் யாரென்பதை, தென்மேற்கு மலைநாடாகிய குவெய்ச்சௌவில் 1722-ம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஸூசௌ வட்டார வரலாறு சொல்லுகிறது. அங்குள்ள ஏழைக் குடிகளும் மியாவ் மலைமக்களும் உப்புக்குப் பதிலாக மிளகாயைப் பயன்படுத்தினர் என்பது அதன் குறிப்பு.

உப்புக்குப் பதில் மிளகாயா என்று வியக்க வேண்டா. குவெய்ச்சௌவில் உப்பு விளைவதில்லை. அண்டை மாகாணத்திலிருந்து மலைப்பாதை வழியே கூலியாட்களின் முதுகில் ஏறி வரவேண்டும். அரசு விதித்த வரியும் சுமைகூலியும் வணிகர் ஊதியமும் சேர்ந்து, உப்பு ஏழைக்கு எட்டாப் பொருளாயிற்று. உப்பின்றி வேகவைத்த சோளத்தையும் கிழங்கையும் விழுங்குவது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பார்த்தால், வீட்டுக் கொல்லையில் காசின்றி விளையும் ஒரு காயின் அருமை விளங்கும். மிளகாய் உப்பாகாது, ஆனால் சப்பென்ற சோற்றை உள்ளே தள்ளும். சீனத்தின் உறைப்புச் சமையல் சுவைஞர்களால் தோன்றியதன்று. உப்புக்கு வழியற்றவர்களால் தோன்றியது.

குவெய்ச்சௌவிற்கும் ஹூனானுக்கும் அண்மையிலுள்ள செச்சுவானில், பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் நிகழ்ந்த கொடிய போர்களால் மக்கள்தொகை பெரிதும் அழிந்தது. வெறிச்சோடிய நிலத்தை மீண்டும் உழச்செய்யும் பொருட்டு, சிங் அரசு பிற மாகாணத்தாரை அங்குக் குடியேற்றிற்று. ஹூபெய், ஹூனான், குவாங்துங், ஃபூஜியன் முதலிய இடங்களிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்றனர். செச்சுவானின் வட்டார வரலாறுகளில் மிளகாயின் பெயர் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வரத் தொடங்குகிறது. அங்கு அது பழைய துணையொன்றைக் கண்டது. நாவை மரக்கச் செய்யும் 'ஹுவா ஜியாவ்' என்னும் செச்சுவான் மிளகே அத்துணை. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த அது சீனத்தின் சொந்தச் செடி. ஹான் மரபின் அரசியர் மாளிகைச் சுவர்களில் அதனைச் சாந்தோடு கலந்து பூசினர் என்பர். மரப்பும் எரிப்பும் ஒன்று சேர்ந்து செச்சுவான் சமையலுக்குத் தனிமுத்திரை இட்டன. பெரிய அவரைப் பருப்பையும் மிளகாயையும் உப்பிட்டுப் புளிக்கவைத்து, பகலில் வெயிலும் இரவிற் பனியும் படும்படி மாதக்கணக்கில் தாழிகளில் ஆறவிட்டுச் செய்யும் 'டௌபான்' விழுதும் அங்கே உருவாயிற்று. பிஷியன் என்னும் ஊர் இதற்குப் பேர்பெற்றது. அதனை முதன்முதற் செய்தவர் ஃபூஜியனிலிருந்து சென்ற குடியேறிகள் என்பது அவ்வூரார் வழங்கும் செய்தி.

மிளகாய் வந்த வழி விளங்கிற்று. மாட்டிறைச்சி வந்த வழியை அறிய, செச்சுவானின் உப்புக் கிணறுகட்குச் செல்லவேண்டும். சிகோங் என்னும் ஊரில் நிலத்தின் ஆழத்தில் உப்புநீர் தேங்கிக் கிடக்கிறது. மூங்கிலும் இரும்பும் தவிர வேறு கருவியின்றி, மனிதர் மிதித்து மிதித்தே அங்கே கிணறு துளைத்தனர். 'ஷென்ஹாய்' என்னும் கிணறு 1835-ம் ஆண்டில் 1000 மீட்டர் ஆழத்தைக் கடந்தது. மூங்கிற் குழாய் வழியே உப்புநீரை மேலே இழுக்க, பெரிய சுழல் உருளையை எருதுகளும் எருமைகளும் சுற்றின. நிலத்திலிருந்தே வெளிப்படும் எரிவாயுவைக் கொளுத்தி, அந்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தனர். தைப்பிங் கிளர்ச்சியினால் கடலுப்பு உள்நாட்டுக்குச் செல்லும் வழி 1853-ம் ஆண்டையொட்டி அடைபட்டபோது, ஹூபெய், ஹூனான் மக்களுக்கும் செச்சுவான் உப்பே போகலாயிற்று. கிணறுகள் பெருகின, கூலியாட்கள் பெருகினர், ஆயிரக்கணக்கான மாடுகள் வாங்கப்பட்டன.

இரவும் பகலும் உருளை சுற்றிய மாடு விரைவில் ஓய்ந்துபோகும். ஓய்ந்த மாட்டை முதலாளி என்ன செய்வான்? தோட்டக் கணக்கு எழுதிப் பழகிய நம்மனோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உழைக்கும் உயிர் கணக்கேட்டில் ஒரு செலவு; உழைப்பு நின்றதும் அதுவே தள்ளுபடி. மாடு கசாப்புக்காரனிடம் சென்றது. அதன் தோல் கிணற்று வேலைக்குத் திரும்பி வந்தது. அதன் இறைச்சி உப்புக் காய்ச்சும் கூலியாட்களுக்கு மலிவாய்க் கிடைத்தது. நாடெங்கும் சட்டம் காத்துவந்த எருது, உப்பின் ஊதியம் பெரிதான இடத்தில் காப்பின்றி விழுந்தது. அரசுக்கு நெல்வரி தருமிடத்தில் மாட்டைக் கொல்லுதல் குற்றம்; உப்புவரி தருமிடத்தில் அதே செயலைக் கண்டுங் காணாதிருத்தல் ஆட்சித்திறம்!

இவ்வாறு கிடைத்த இறைச்சி உழைத்து இறுகியது, நாரோடியது. அதனை உண்ணத்தக்கதாக்கும் வழிகளை அவ்வூரார் கண்டனர். பெருந்தகடுகளாய் மெல்லிதிற் சீவி, சாணவறட்டியின் மென்சூட்டில் உலர்த்துவது ஒருமுறை. அதற்குத் 'தீயோர இறைச்சி' என்று பொருள்படும் பெயர் உண்டு. உப்பும் செச்சுவான் மிளகும் மிளகாயும் இட்ட கொதிநீரில் துண்டுகளை வேகவைப்பது மற்றொரு முறை. இன்று உலகெங்கும் சீன உணவகங்களில் 'நீரில் வெந்த மாட்டிறைச்சி' என்று விலையேறி விற்கும் உண்டி, சிகோங் உப்புத் தொழிலாளரிடமிருந்து வந்தது என்பது அந்நாட்டார் மரபுவழிக் கூற்று. நாம் எடுத்துக்கொண்ட உலர்ந்த வறுவலும் அம்மாகாணத்து உண்டியே. கடினமான இறைச்சியையும் மெல்லிதாய் அரிந்து, ஈரத்தை வற்றச்செய்து, உறைப்பான விழுதில் தோய்க்கும் அதன் முறையும் அத்தேவையின் வழியதே.

வறுக்கும் கலையைப் பற்றியும் ஒரு சொல். ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'ச்சீமின் யாவ்ஷு' என்னும் உழவுநூலிலேயே முட்டையைக் கிளறி வறுக்கும் முறை காணப்படுகிறது. நாம் குவாலி என்று மலாய்ச் சொல்லால் வழங்கும் குழிந்த இரும்புச் சட்டி பரவப் பரவ, இம்முறை வீடுதோறும் புகுந்தது. மெல்லிதாய் அரிந்த பொருள் கடுஞ்சூட்டில் சிறிது நேரத்தில் வெந்துவிடும், விறகு மிச்சம். கத்தியின் உழைப்பைக் கூட்டி விறகின் செலவைக் குறைத்தது அவர்கள் கண்ட சிக்கனம்.

இனி, வீட்டில் ஆக்கும் முறையைச் சொல்லுவோம். கொழுப்பற்ற மாட்டிறைச்சி 400 கிராம் எடுத்து, தீக்குச்சிப் பருமனுள்ள கீற்றுகளாய் அரிக. இறைச்சியைச் சற்று உறையவைத்தால் அரிவது எளிது. செலரித் தண்டு இரண்டு பிடி, இஞ்சிக் கீற்று ஒரு கரண்டி, விதை நீக்கிக் கிள்ளிய காய்ந்த மிளகாய் பத்து ஆகியவற்றை முன்னரே அருகில் வைத்துக்கொள்க. அடுப்பு மூண்டபின் தேட நேரமிராது. குவாலியைப் புகையெழச் சூடாக்கி, நான்கு கரண்டி எண்ணெய் விட்டு, இறைச்சியை இட்டுக் கிளறுக. முதலில் நீர் விட்டுக்கொண்டு வேகும், அஞ்சற்க. தீயை நடுத்தரமாக்கி விடாது கிளறினால், பத்து அல்லது பதினைந்து நிமிடத்தில் நீர் வற்றிச் சடசடப்பு அடங்கும். எண்ணெய் தெளிந்து, கீற்றுகள் பழுப்பேறி ஓரம் முறுகும். அப்பொழுது ஒருபுறம் ஒதுக்கி, டௌபான் விழுது ஒன்றரைக் கரண்டி இட்டு, எண்ணெய் சிவக்கும்வரை வதக்குக. பின்பு மிளகாயும் இஞ்சியும், அடுத்துச் செலரியும் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டுக. விழுதிலேயே உப்பு இருத்தலின் சுவைத்துப் பார்த்த பின்னரே கிச்சாப்பு விடுக. இறக்கியபின், வறுத்துப் பொடித்த செச்சுவான் மிளகை மேலே தூவுக.

கடைச் சமையற்காரரின் பெருநெருப்பு நம் வீட்டு அடுப்பில் இல்லையே என்று வருந்த வேண்டா. ஈரத்தை மெல்ல வற்றச்செய்வதே இவ்வுண்டியின் நுட்பமாதலின், வீட்டடுப்பே இதற்குப் போதும். இறைச்சி மிகுதியாயின் இருமுறையாக வறுக்க. ஒருசேரக் கொட்டினால் வறுவல் குழம்பாகிவிடும். டௌபான் கிடையாத ஊரில், சீனர் கடையில் விற்கும் தவ்ச்சு விழுதோடு அரைத்த மிளகாய் சேர்த்துக்கொள்ளலாம். சுவை சற்று வேறுபடும், குற்றமில்லை. மாட்டிறைச்சி உண்ணாதார் இதே முறையில் காளானையோ பிஞ்சுப் பயற்றங்காயையோ வறுக்கலாம். செச்சுவானில் பயற்றங்காயையும் இவ்வாறு உலர வறுப்பது பெருவழக்கு.

மாட்டைக் காத்த சிங் மரபினர் சட்டம் 1912-ம் ஆண்டில் முடியரசோடு மறைந்தது. நீராவி எந்திரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகோங் கிணற்றுக்கு வந்தபின், உருளை சுற்றிய மாடுகளும் மெல்ல மறைந்தன. விலக்கு மட்டும் சில குடும்பங்களில் நிலைத்தது. உழைப்பாளியின் வறுவலோ உலகெங்கும் பரவிற்று.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? நன்றியுணர்வால் ஒருவர் ஓர் உணவை விடுவது அவர் விருப்பம். அதனை நாம் மதிக்கிறோம். குவான் யின் அம்மையின் பொருட்டு விலக்கும் சீன மூதாட்டியும் நம் மதிப்புக்கு உரியவரே. ஆனால், விலக்காதவன் இழிந்தவன் என்று அவனை வாசலுக்கு வெளியே நிறுத்துவது வேறு. சீனத்தில் மாட்டிறைச்சி தின்றவனை நரகத்துக்கு உரியவன் என்றனர். நம் நாட்டிலோ பிறப்பிலேயே தீண்டத்தகாதவன் என்றனர். தண்டனையை மறுமைக்கு ஒத்திவைத்த அவர்களினும், இம்மையிலேயே, பிள்ளை பிறக்கு முன்பே விதித்துவிட்ட நம்மவர் கொடுமை பெரிது. செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையைச் சிலர் தலையிற் சுமத்தி, வேறு உணவு வாங்கக் கூலியும் தராது, அவர்கள் அதன் இறைச்சியை உண்டதையே அவர்கள் இழிவுக்குச் சான்றாய்க் காட்டிய நாடல்லவா நம்முடையது?

விலக்குகள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. ஏரும், வரியும், உப்பின் விலையும் அவற்றை ஆக்கின. அவை மாறியபோது விலக்குகளும் மாறின. மேலோர் தோட்டத்தில் அழகு பார்த்த மிளகாயை உணவாக்கியவர் உப்புக்கு வழியற்றவர்; முதலாளி தள்ளிய மாட்டை விருந்தாக்கியவர் உப்புக் காய்ச்சியவர். அவர்கள் ஆக்கியதை இன்று செல்வரும் விரும்பி உண்கின்றனர். ஒருவன் இலையில் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்த்து அவன் தகுதியை அளக்கும் வழக்கம், தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும், நம்மவரிடையே இனியும் நிலவுதல் தகாது.